வானம் பொத்துக்கொண்ட காலை

என் பிரியமுள்ள அஞ்சலைக்கு,

உன்னை நாலு பேர் முன்னால் கேலி செய்தவன் நான். அதனால் மன்னிப்பையும் நாலு பேர் படிக்கிற பத்திரிகையிலேயே கேட்கிறேன்.

ஐம்பத்தேழில் நாம் சிங்கப்பூர் செம்பவாங் கப்பல்தளக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நைட் ஷிப்ட் முடிந்து நான் படுத்திருந்தேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நீ, "ஏங்க, வானம் பொத்துக்கிச்சு, ஓடி வாங்க" என்று கத்தினாய். மழை கொட்டுகிறது என்று நினைத்து, "அப்போ துணிய எடு" என்று சொல்லிப் புரண்டு படுத்தேன். பிறகு எழுந்து பார்த்தால் சுள்ளென்று வெயில். துணியெல்லாம் காய்ந்து கிடந்தது.

"மழை இல்லீங்க. மேகத்துல வட்டமா ஒரு ஓட்டை. நடுவுல வெள்ளையா இறகு மாதிரி தொங்குச்சு" என்றாய். நான் விட்டேனா? சிராங்கூன் ரோட்டு மளிகைக் கடையில்கூட, "என் பொண்டாட்டி வானத்துக்கே ஒட்டுப் போடுவா" என்று சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. வலித்ததா, அஞ்சலை?

நீ கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது. போன செவ்வாய்க்கிழமை கப்பல்தளத்தில் சாப்பிட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். ரொம்ப உயரத்தில் மீன் செதிலாகப் பரந்திருந்த மேகத்தில் ஒரு பெரிய வட்டம் காணாமல் போயிருந்தது. உள்ளே அவ்வளவு நீலம். நடுவில் நீ சொன்ன அதே இறகு. அதன் ஓரத்தில் பச்சையும் ரோஜா நிறமும் மினுங்கின. எச்சில் கை காய்ந்துபோகும்வரை நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"டேய், வானம் பொத்துக்கிச்சு" என்று கூவினேன். கூட வேலை செய்யும் மாரி ஓடிப்போய்ப் பெட்டிகள்மேல் தார்ப்பாயை இழுத்து மூடினான்.

விமானம் துளைத்துப் போனால் எப்போதாவது மேகம் இப்படி ஆகுமாம், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சொன்னார். காரணம் தெரிந்தும் எனக்கு உடம்பு சிலிர்ப்பது அடங்கவில்லை. இவ்வளவு பெரிய அதிசயத்தைப் பார்க்கவா என்னைக் கூப்பிட்டாய்?

வீட்டுக்கு வந்து நம் மகள் கமலாவிடம், "அம்மா சொன்னது நிஜம்தாம்மா" என்றேன்.

"தெரியும்பா. அன்னைக்கு நானும் பக்கத்துலதான் நின்னேன். பார்த்தேன்லா."

"ஏன் இத்தனை வருஷம் சொல்லல?"

"அம்மாவையே நம்பல. என்னை நம்புவீங்களா?"

அஞ்சலை, இனி அவள் எதைப் பார்த்தேன் என்று வந்து சொன்னாலும், என் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நம்புவேன். இது சத்தியம்.

தாமதமாக உன்னை நம்பிய,
உன் வீட்டுக்காரன்