கிண்ணத்தின் அடியில் சாவி

அன்பு மனைவிக்கு,

உன் நலமும் மகளின் நலமும் அறிய ஆவல். அவளுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? சோற்றில் உப்பைக் குறை. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் காய் நறுக்குவாய். நிறைமாதக்காரி காதில் இது விழ வேண்டாம். தனியாக உட்கார்ந்து படி.

மாடி வீட்டுச் சிட்டு நேற்று விடியற்காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். ஆறு வயதுக் கையில் நரம்பு அகப்படாமல் மூன்று இடத்தில் குத்தித்தான் குளுக்கோஸ் ஏற்றினார்கள். காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை.

பாலைக் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை அவள். நீ தயிரையும் பழத்தையும் உறையவைத்துக் குச்சியில் நீட்டிய பிறகுதான் உடம்பில் கொஞ்சம் சதை பிடித்தது. அதை விட்டுவிடக் கூடாது என்று நீ எழுதி வைத்துப் போன தாளைப் பார்த்து, போன வியாழக்கிழமை நானே செய்தேன். தயிரைத் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டு நீரை வடித்தேன். மாம்பழமும் பேரீச்சையும் அரைத்துக் கலந்தேன். சர்க்கரையைத் தொடவில்லை. அச்சில் ஊற்றி ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, பாதி இறுகிய பிறகு குச்சி நட்டேன். முதலிலேயே நட்டால் சாய்ந்துவிடும் என்று நீ இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தாய். எட்டுக் குச்சியும் காலை வணக்க வரிசை போல நேராக நின்றன. எனக்கு ஏக பெருமை.

வெள்ளிக்கிழமை காலை ஓய்வூதிய அலுவலகத்துக்குக் கிளம்பினேன். அந்த வேலை முடிய நேரமாகி, இரவு அந்த ஊரிலேயே தங்கி, சனிக்கிழமை மாலைதான் வீடு திரும்பினேன். கிளம்பும்போது கதவைப் பூட்டுமுன் கை தானாக மேலே போய் மெயினை அணைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தை விட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவனின் முப்பத்தாறு வருடப் பழக்கம். மெயினைத் தொடாதீங்க என்று நீ சீட்டு எழுதித்தான் வைத்திருந்தாய். அதை பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாய். என் கை தப்பு செய்கிற இடமோ வாசற்கதவுக்கு மேலே இருக்கிறது. உன்னைச் சிரிக்க வைக்கலாம் என்று இதை எழுதினேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வந்ததும் மெயினைப் போட்டேன். ஃப்ரீசரைத் திறந்து பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிட்டு வந்து, வாத்தியார் தாத்தா, ரெண்டு, இன்னிக்கு லீவு நாளு என்று விரலைக் காட்டினாள். அச்சை வெந்நீரில் முக்கி எடுத்தேன். கல் மாதிரி இறுகியிருந்தது. ஆனால் குச்சி சாய்ந்திருந்தது. மேலே வெளிறிய பனி, அடியில் மஞ்சளாகப் பழம். தயிரும் பழமும் உருகிப் பிரிந்து மறுபடி உறைந்திருக்கிறது என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். அச்சு ஆடியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கொடுத்துவிட்டேன். ஒன்றை இங்கேயே தின்றாள். மற்றதைச் சப்பிக்கொண்டே படியேறினாள்.

நேற்று ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். சனிக்கிழமையிலிருந்து என்னென்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். அவள் அம்மா, நம் தையல்காரம்மா, விரல் விட்டுச் சொன்னாள். சோறு, பருப்பு, பிஸ்கட், பள்ளிக்கூட வாசலில் மணியடித்து ஐஸ் விற்கிற மணிக்காரரிடம் வாங்கிய சிவப்பு ஐஸ். நாக்கெல்லாம் செவந்து கெடந்துச்சு டாக்டர், அப்பவே திட்டினேன் என்றாள். நம் குச்சியைச் சொல்லவில்லை. ராவும் பகலுமாகத் தைத்துப் பிள்ளை வளர்க்கிறவள். நம் வீட்டில் கொடுப்பது அவளுக்குத் தன் வீட்டில் கொடுப்பது போல, நினைவுக்கே வரவில்லை. டாக்டர் என் பக்கம் திரும்பி, தாத்தா நீங்க ஏதாவது குடுத்தீங்களா என்றார். அதற்குள் தையல்காரம்மா முந்திக்கொண்டு, அவங்க வீட்டுல குடுக்கறதுதான் டாக்டர் இவ உடம்புல ஒட்டறதே என்றாள்.

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

எந்தக் கிருமி என்று தெரிந்தால் மருந்தை மாற்றலாம், தின்றதில் மிச்சம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று டாக்டர் சொன்னார். மணிக்காரர் ஐஸில் மிச்சம் ஏது. அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டும் நான் வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தேன்.

இன்று காலை பால் வாங்கப் போன இடத்தில் மணிக்காரரைச் சுற்றிக் கூட்டம். சுகாதாரத் துறை ஆள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாரோ பிடித்துத் தள்ளியதில் அந்த மனிதருக்கு முழங்கை உரிந்திருந்தது. தண்ணியக் காய்ச்சித்தான் ஊத்தறேன், எம் பிள்ளையும் இதத்தான் திங்குது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், சார் நீங்க படிச்சவங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க சார் என்றார். பார்க்கலாம் என்றேன். அதுதான் என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரீசரைத் திறந்தேன். உன் கிண்ணம் மூலையில் இருந்தது. நீ வெளியூர் போகும்போதெல்லாம் செய்கிற வேலைதான். நீரை உறையவைத்து, பனிக்கட்டியின் மேல் பழைய பீரோச் சாவியை வைப்பாய். திரும்பி வரும்போது சாவி மேலேயே இருந்தால் கரண்ட் போகவில்லை, உள்ளே இறங்கியிருந்தால் போய்விட்டு வந்திருக்கிறது. பிரிட்ஜுக்கே பரீட்சை வைக்கிறாளே என்று எத்தனை பேரிடம் உன்னைக் கேலி செய்திருப்பேன். சாவி அடித்தரையில் கிடந்தது. மேலே நான்கு விரற்கடை கண்ணாடி போல் பனி. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தேவையில்லை.

வாதாட எனக்குத் தெரியாதா. தயிர் புளிக்குமே தவிரக் கெடாது. மணிக்காரர் ஐஸும்தான் தின்றாள். எட்டில் இரண்டு போக மிச்சம் ஆறு குச்சி. அவை இல்லாவிட்டால் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. எல்லாம் தோன்றியது. அச்சைத் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்தும் விட்டேன். ஒரு குச்சி கரைந்து மஞ்சளாக ஓடிற்று. குழாயை மூடினேன். ஐந்து இருக்கிறது.

ஒருமுறை வகுப்பில் பூகோள உருண்டை உடைந்ததே, நினைவிருக்கிறதா? உடைத்தவனை நான் அன்றே மன்னித்துவிட்டேன். பக்கத்துப் பெஞ்சுக்காரன் அவனுக்குப் பதிலாக முட்டி போட்டிருந்தபோது உடைத்தவன் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வருடம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி அந்தப் பிள்ளையை அழவைத்தேன். இன்று காலையிலிருந்து அவன் முகம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

டாக்டர் பத்து மணிக்குத்தான் வார்டுக்கு வருவார். இப்போது ஒன்பதரை. ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன். நீ மீன் வாங்கிவரும் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு ஐந்து குச்சியையும் கிண்ணத்தையும் வைத்திருக்கிறேன். சாவியை எடுக்கவில்லை, அப்படியே காட்டப் போகிறேன். முதலில் டாக்டரிடம். அப்புறம் தையல்காரம்மாவிடம். அப்புறம் மணிக்காரரோடு சுகாதார அலுவலகத்துக்கு.

வழியில் தபால்பெட்டி வருகிறது. இதை அதில் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். உனக்கு எழுதியாகிவிட்டால் வாசல்வரை போய் நான் திரும்பி வர முடியாது. என்னை எனக்குத் தெரியும், உனக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

மகளுக்கு என் ஆசிகள். சுகப்பிரசவம் ஆகட்டும். பிறக்கிற உயிர் நோயின்றி வளரட்டும்.

இது உன் கைக்கு வரும்போது இங்கே எல்லாம் ஒரு முடிவுக்கு வந்திருக்கும். எந்த முடிவு என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. படித்ததும் எனக்குப் போன் செய்யாதே. முதலில் தையல்காரம்மாவைக் கூப்பிடு. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேள். அவள் சொல்வதைக் கேட்ட பிறகும் என்னோடு பேசத் தோன்றினால் கூப்பிடு. நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

மெயினை அணைக்காமல்தான் கிளம்புகிறேன். இரண்டு முறை பார்த்துவிட்டேன்.