நீ தேய்த்து வைத்த விளிம்பு

மாப்ளே,

உப்புத்தாளும் மரத்தூளும் கலந்த வாடை காலையிலிருந்து என் கையை விட்டுப் போகவில்லை. சோப்புப் போட்டும் போகவில்லை. இதற்கு நீதான் காரணம். இறந்துபோனவன்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். பின்னே யார்மேல் படுவது என்று அவர்கள் சொல்வதில்லை.

சின்னமனூரில் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்த நான், கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரம் வெட்டும் சி.என்.சி. ரூட்டரை நானே செய்யப்போகிறேன் என்றபோது, சிரிக்காத ஆள் நீ ஒருவன்தான். அதோடு விட்டிருக்கலாம். உத்தமபாளையத்தில் இருக்கும் உன் மரக்கடையிலிருந்து பலகைகளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாய். உங்கள் பள்ளிவாசல் ஜன்னல்களுக்கு நட்சத்திரத் துளை போட்ட ஜாலிப் பலகை இந்த மிஷினில்தான் வெட்டப்போகிறோம், நோன்புக்கு முன்னால் மாட்டிவிடுவோம் என்று ஜமாத்தில் வாக்கும் கொடுத்துவிட்டு வந்திருந்தாய். அதுவரை ஒரு குச்சியைக்கூட வெட்டிப் பார்க்காத மிஷின் அது.

முதல் பலகை முடிந்ததும் துளைக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாய். ஒரு பக்கம் வழுவழுப்பு. எதிர்ப்பக்கம் நார் நாராகப் பிய்ந்து நின்றது.

"மாப்ள, நட்சத்திரத்துக்குத் தாடி மொளச்சிருக்கு."

"ஒன் மரம் ஈரம்."

"மரத்தச் சொல்லாத. ஒன் மிஷினுக்குக் குளிரு. அங்கன பாரு, நடுங்குது."

கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் அதோடுதான் மல்லுக்கட்டினேன். வெட்டும் பிட்டை மாற்றினேன். வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன். திருகுக்கம்பியின் நட்டை இறுக்கினேன். ஒவ்வொரு தடவையும் நீ விரலை விட்டாய். ஒவ்வொரு தடவையும் தாடி. உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டாய்.

"ஏலே, கையால தேய்க்கவா நான் மிஷினு கட்டுனேன்?"

நான் கத்தியது டீக்கடைவரை கேட்டதாம்.

நோன்பு நெருங்கியது. ஒருநாள் வந்து, "நீ சொன்னதுதான் மாப்ள சரி. மரம் ஈரந்தான். வெட்டுனத எல்லாம் குடு, வீட்டுல நெழல்ல போடுறேன். காஞ்சா நாரு தானா உதுந்துரும்" என்றாய். அத்தனை வருஷத்தில் நீ என்னிடம் தோற்றதாக ஒப்புக்கொண்டது அன்று ஒருநாள்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பள்ளிவாசலில் மாட்டியபோது விளிம்பெல்லாம் வழுவழுவென்று இருந்தது. அன்றிலிருந்து, என்னைப் பார்த்து இப்படி மிஷின் செய்து, வெட்டு சரியில்லை என்று வந்து நின்றவர்களுக்கெல்லாம், "மரத்தைக் காயவை" என்று அடித்துச் சொல்லியனுப்பினேன்.

இந்த வருஷம் பள்ளிவாசலுக்கு வெள்ளையடிக்கும்போது ஏணி சாய்ந்து ஒரு பலகை உடைந்துபோனது. அதே மாதிரி ஒன்று வேண்டும் என்றார்கள். கோடை முழுக்க வெயிலில் காய்ந்த மரத்தைப் போட்டு வெட்டினேன். அதே தாடி. உடைந்த பழைய துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விளிம்பின் கூர் மழுங்கியிருந்தது. துளைக்குள் சாய்வாகச் சன்னக் கீறல்கள். எந்த பிட்டும் அப்படிக் கீறாது.

நேராக உன் வீட்டுக்குப் போய் உன் மனைவியைக் கேட்டேன்.

"அத இப்பவா கேக்குறீக அண்ணே? தெனமும் காலைத் தொழுகை முடிச்சு வந்து, ஒக்காந்து தேச்சாக. ஒரு நட்சத்திரம் விடல. 'அவன்ட்ட மட்டும் சொல்லிறாத, மிஷின ஒடச்சு எடைக்குப் போட்டுருவான்'னு சொன்னாக."

சொல்லிவிட்டு, தங்கச்சி உப்புத்தாள் சுற்றிய ஒரு மரக்கட்டையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தது.

எடைக்குப் போட்டிருக்க மாட்டேன். அதுகூட உனக்குத் தெரியவில்லை. நீ உன் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டாய். என் மிஷினின் கோளாறை என் கண்ணிலிருந்து மறைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாய். அந்தக் கோபத்திலேயே மறுபடி உட்கார்ந்தேன். முதல் வெட்டில் விளிம்பில் நகக்கனம் மரத்தை மிச்சம் விட்டேன். பிறகு பிட்டைத் துளையின் விளிம்போடு எதிர்த்திசையில் வலம்வரவிட்டு, அந்த மிச்சத்தை மட்டும் சீவி எடுக்கச் செய்தேன். தாடி போயே போய்விட்டது. சுற்றிலும் ஒரு நார் இல்லை. விரலை விட்டுப் பார்க்க நீ இல்லாததால் நானே விட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பெருமையோடு பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனேன். பாங்கு சொல்லும் மோதினார் பலகையைத் தடவிப் பார்த்தார். அடுத்த ஜன்னலையும் தடவினார்.

"வேல சுத்தமாத்தான் இருக்கு அண்ணே. ஆனா மத்ததோட சேரலியே. அதெல்லாம் கைக்கு மெத்துன்னு இருக்கு, இது வெட்டுது."

ஆகவே இன்று காலை உன் கட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு குறையும் இல்லாத விளிம்பை என் கையாலேயே தேய்த்து மழுக்கினேன். ஒரு நட்சத்திரம் விடவில்லை. கட்டையில் உன் பெருவிரல் அழுத்தி அழுத்தி விழுந்த பள்ளம் இருக்கிறது. என் விரல் அதில் சரியாக உட்காரவில்லை. அதிலும் நீ விட்டுக்கொடுக்கவில்லை.

பலகையை மாட்டியாயிற்று. எது நீ தேய்த்தது, எது நான் தேய்த்தது என்று மோதினாருக்கே இப்போது தெரியாது. கட்டையை உன் வீட்டில் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுப்பதாகவும் இல்லை.