அந்தக் கணினியைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான்

நீ எனக்குச் செய்தது அநியாயம். தூத்துக்குடியில் உன் பாய்மரப் படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று, உள்ளே பொருத்தியிருந்த கணினியைக் காட்டி, "எங்க மருமகன்தேன் பாத்து எடுத்துக் குடுத்தாரு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாய். தேர்ந்தெடுத்தவன் நான். உடைத்த தேங்காய்மூடியோடு உன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. இன்று காலை சிம்மக்கல் கடையில், பரணில் கிடந்த உன் பழைய லேப்டாப்பை இறக்கித் திருகாணிகளைக் கழற்றினேன். அடி மூடியைத் தூக்கியதும் குப்பென்று சந்தன வாசனை. இத்தனை நாளாகியும் போகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முப்பது வருடம் கப்பல் இயந்திர அறையில் வெந்துவிட்டு, காளவாசல் வீட்டுக்குத் திரும்பியவன் நீ. கடல் இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு தூத்துக்குடியில் ஒரு பழைய படகை வாங்கினாய். கடல் வரைபடம் பார்க்கவும், படகு எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளவும் ஒரு கணினி வேண்டும் என்று என்னிடம் வந்தாய். நான் ரேடியோ ரிப்பேர்க்காரன். கணினி எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. கெட்டுப்போனவற்றைத் திறந்து திறந்து நானே கற்றுக்கொண்டேன். "உங்க அம்புட்டுக்கு எவன்ணே தொறந்து பாத்திருக்கான்" என்பாய். அந்த வாயால்தான் பிறகு மருமகன் பெயரையும் சொன்னாய்.

உனக்கு உன் லேப்டாப்பே போதும் என்ற எண்ணம். சோதித்துப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றேன். படகு ஆடும். மதுரையில் அதற்கு ஈடாக ஆடுவது டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டுதான். ஆரப்பாளையத்தில் ஏறி, மடியில் லேப்டாப்பை ஓடவிட்டு உட்கார்ந்தோம்.

"பெருசுக ரெண்டும் என்ன படம் பாக்குறீக?" என்றார் கண்டக்டர்.

"படமில்லண்ணே, கடலுக்குப் போக ட்ரெய்னிங்" என்றாய் நீ.

"வைகையில மொதல்ல தண்ணி வரட்டும். டிக்கெட்ட எடுங்க."

காளவாசல் வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கியதும் திரை நீலமாகிப் போனது. குலுக்கினால் தடுமாறுகிற, உள்ளே ஹார்ட் டிஸ்க் தட்டு சுழல்கிற கணினி ஆகாது என்று அன்றே முடிவு கட்டினேன். மறுநாள் மொட்டை மாடி வெயிலில் வைத்துப் பார்த்தோம். திரையில் உன் முகம்தான் தெரிந்தது, வரைபடம் தெரியவில்லை. வெளிச்சமான திரை ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும் என்பதும் அப்படித்தான் முடிவானது.

மூன்றாவது சோதனையை நீயே நடத்தினாய். ஆயுத பூஜைக்குக் கடைக்கு வந்து, எல்லாக் கருவிகளுக்கும் பொட்டு வைத்தாய். உன் லேப்டாப்பின் விலாவில் காற்றுப் போகிற கோடுகளைப் பார்த்ததும் கை நிறையச் சந்தனத்தை அள்ளி மூன்று விரலால் இழுத்தாய். "பட்டை போடத் தோதா அவனே கோடு போட்டு விட்டுருக்கான்ணே." பொரியைத் தின்று முடிப்பதற்குள் விசிறி நின்று, பெட்டி தோசைக்கல்லாகிவிட்டது.

திட்டித் தீர்த்தபின்தான் எனக்கு உறைத்தது. ஒருநாள் சந்தனம் நுழைந்ததற்கே இந்தக் கதி என்றால், கடலில் உப்புக்காற்று நாள் முழுக்க நுழையுமே. விசிறியும் ஓட்டையும் இல்லாத, நாலு பக்கமும் மூடிய சின்ன உலோகப் பெட்டிதான் வேண்டும். படகின் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலேயே நேராக ஓட வேண்டும்.

"ஓட்டை இல்லாம எப்பிடிண்ணே மூச்சு விடும்?"

"ஒடம்பாலேயே விடும்யா. வாங்கு."

இப்படித்தான் அது தேர்வானது. நீ அதன் படத்தை மருமகனுக்குப் போனில் அனுப்பினாய். அவர் கட்டைவிரல் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். அவருடைய பங்கு அவ்வளவே. நீ ஊர் முழுக்கச் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, தான்தான் எடுத்தோம் என்று அவரே நம்பிவிட்டார்.

உன்னிடம் படகு ஓட்டப் பழகிய உன் மகள் நேற்று போனில் பேசினாள்.

"பெரியப்பா, அடுத்த வாரம் படகை எடுக்குறேன். இவரு புது லேப்டாப் வாங்கியிருக்காரு. பழைய பெட்டியக் கழட்டப் போறாராம்."

"வேணாம்னு சொல்லுத்தா."

"எடுத்துக் குடுத்தது நான், மாத்துறதும் என் இஷ்டம்ங்கிறாரு."

"அவரு எங்கத்தா எடுத்தாரு?"

"தெரியும் பெரியப்பா. அப்பா எங்கிட்ட மட்டும் சொன்னாரு. என்னையக் கடலுக்கு விட இவருக்குப் பயம். இவரு எடுத்த கம்ப்யூட்டர்னு ஊருக்கே சொல்லிட்டா, அத நம்பிப் போகாதேன்னு இவரே எப்பிடிச் சொல்லுவாருன்னு அப்பா திட்டம் போட்டுருக்காரு."

போனை வைத்துவிட்டுக் கடையில் தனியாகச் சிரித்தேன். திட்டம் பலித்திருக்கிறது, அவள் மூன்று வருடமாகப் படகு ஓட்டுகிறாள். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். அதுவும் உனக்குத் தெரியும். காரணம் நல்லதுதான். அநியாயம் அநியாயம்தான். இன்று அந்தப் பொய்யே பெட்டியைக் கழற்றப் பார்க்கிறது. புது லேப்டாப்பில் இரண்டு பக்கமும் ஓட்டை. நடுக்கடலில் அது நின்றால், பாறை எந்தப் பக்கம் என்று அவளுக்கு யார் சொல்வது?

ஆகவே, இந்த மடலை உன் மகள் முதலிலிருந்து கடைசிவரை கணவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். பட்டை போட்ட இடத்தில் இருவரும் சிரிக்கலாம். பெட்டியின் ஒரு திருகாணியையும் மருமகன் தொடக் கூடாது. புது லேப்டாப்பில் வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கட்டும். பூஜைக்கு யார் பொட்டு வைத்தாலும் மேல்மூடியில் மட்டும் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் தூத்துக்குடி பஸ் ஏற வேண்டும். சந்தனம் காய்ந்து ஒட்டிய அந்தச் சின்ன விசிறி இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. மருமகன் நம்பாவிட்டால் அவர் மூக்குக்கு நேரே நீட்டுவேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்று பாக்கி நிற்கிறது. அதை உனக்குப் பதிலாக உன் மகள் செய்ய வேண்டும். கரை மறைந்தபின், அந்தப் பெட்டியின்மேல் கை வைத்து, "இது எங்க பெரியப்பா எடுத்தது" என்று ஒரு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டும். கேட்க அங்கே ஆள் இல்லாவிட்டாலும் சரி.