நான் இன்னும் வரவில்லை

9 ஜூலை 2025, புதன்

காலையில் ஜங்ஷன் ரோடு முழுக்க ஓடினேன். கம்பெனியில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் வரையும்போது ஒரு கோடு கூடக் கோணவில்லை. என் மகள் ஆன் மேரி டெங்குவில் போனதிலிருந்து இப்படி ஒரு நாள் எனக்கு வந்ததில்லை.

11 ஜூலை

நாத்தனார் ஃப்ளோரா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "பொண்ணு போயி வருஷம் திரும்பல. அதுக்குள்ள ஷூ மாட்டிக்கிட்டு ஓடுறீங்களே அண்ணி, கோயில்ல எல்லாரும் கேக்குறாங்க."

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கடலூர் டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, "தினமும் வெளிய போங்க, உடம்ப அசைங்க" என்றபோது இதே ஃப்ளோராதான் துணைக்கு வந்திருந்தாள். மாசக்கணக்கா செவுத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தேனே, அப்ப எந்தக் கோயில்ல யாரு கேட்டாங்க? படுத்துக் கெடந்தா நல்ல அம்மா, எழுந்து ஓடினா கெட்டவளா? ஓடுறப்பதான் எம் பொண்ணு பேரச் சொல்ல முடியுது.

நாளைக்கும் ஓடுவேன்.

20 ஜூலை

ஆகஸ்டில் ஊரில் மக்கள் ஓட்டம் வைக்கிறார்கள். பெயர் கொடுக்கப் போனேன். நடத்துகிறவர் பாரி, செல்போன் கடைக்காரர்.

"லேடீஸுக்கு மூணு கிலோமீட்டர் வாக்கிங்தாங்க அக்கா. பத்து கிலோமீட்டர் ஜென்ட்ஸுக்கு."

"ஏன் தம்பி, அந்த ரோடு எங்க காலத் தாங்காதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பத்து என்று எழுதும்வரை கடையை விட்டு நகரவில்லை.

2 ஆகஸ்ட்

என் வீட்டுக்காரர் கடைசியாக வாய் திறந்தார். "நாளைக்கு ஞாயித்துக்கெழம. பூச இருக்குது."

"சாயந்திரமும் ஒரு பூச இருக்குதுங்க."

"ஊரு சிரிக்கும், அமலா."

சிரிக்கட்டும்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஓடினேன். மணிமுத்தாற்றுப் பாலத்துக்கு முன்பே எல்லோரும் என்னைக் கடந்துவிட்டார்கள். அப்புறம் நானும் வெயிலும்தான். திடலுக்குள் நுழைகிறேன் — முடிவில் கட்டியிருந்த அலங்கார வளைவை ஏணி போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

எங்கிருந்து வந்ததோ எனக்கு அந்தக் குரல். "கழட்டாதீங்க! நான் இன்னும் வரல!"

ஏணியில் இருந்தவர் திகைத்து நின்றார். பாரி ஓடிவந்து, தொங்கிய பக்கத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். அதன் அடியில்தான் போனேன். போகும்போது "ஆன் மேரி" என்று சத்தமாகவே சொன்னேன். கேட்டவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

என் வீட்டுக்காரர் வரவில்லை.

4 ஆகஸ்ட்

படி இறங்க முடியவில்லை. வேலைக்குப் போனேன்.

30 ஆகஸ்ட்

காலையில் கதவைத் திறந்தால், என் வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். நான் ஷூ மாட்டிக்கொண்டு இறங்கினேன். பாலக்கரை வரை கூடவே வேகமாக நடந்தார். அங்கே முழங்காலைப் பிடித்துக் குனிந்தவர், அப்படியே குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். அடக்கத்தன்று கூட அழாத மனுஷன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்தை மறைக்கவில்லை. நான் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

ரொம்ப நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீ போ. நான் மெதுவா வரேன்."

போனேன்.