ஆடிட் பேப்பர் என்று நினைத்துப் போட்ட கையெழுத்து

டீச்சர்,

இன்று சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்து கை கழுவும்போது, முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்புக்குறி போட்டது, நகத்தளவுதான் இருக்கும். பனியனில் எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே ஓட்டை என்று காட்ட, செக்கிங் டேபிளில் நிற்கிற நாங்கள் ஒட்டுவது. அவசரத்துக்கு எடுக்க வசதியாகக் கையிலேயே ஒரு வரிசை ஒட்டி வைத்திருப்போம். உரித்துப் போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

நீங்கள் போய்ச் சேர்ந்து, வருகிற தை வந்தால் ஒரு வருஷம். திருநெல்வேலிப் பக்கம் உங்கள் ஊருக்கே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள் என்று பேத்தி தாரணி சொன்னாள். முகம் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். எனக்கு மறதி கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். நாற்பது வருஷத்துக்கு முந்தி என் கல்யாணப் பந்தியில் எனக்கு வடை வைக்காமல் போனவன் பெயர்கூட ஞாபகம் இருக்கிறது. உங்கள் மேல் இருக்கிற கோபமும் இருக்கிறது.

தாரணி ஒன்பதாவது படித்த வருஷக் கடைசியில், பள்ளிக்கூடத்தில் பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். அவள் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் வருவார்கள். அதனால் எப்போதும் போல நான் வந்தேன். ஹெட்மாஸ்டர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். நீங்கள் பக்கத்து நாற்காலியில், கணக்கு டீச்சர் என்று. அவர் ஒரு பேப்பரை என் பக்கம் தள்ளினார்.

"இன்ஸ்பெக்‌ஷன் வருதும்மா. ரெக்கார்டுக்கு ஒரு கையெழுத்து."

நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். ஆனால் படிக்கவில்லை. கம்பெனியில் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் ஆபீஸ் பையன்கள் பேப்பர் கொண்டுவருவார்கள். தீயணைக்கப் பழகினோம், குடிதண்ணீர் நன்றாக இருக்கிறது என்று ஏதேதோ இருக்குமாம். லைனில் ஒருத்தரும் படிப்பதில்லை. நீட்டினால் போடுவோம், அடுத்த பீஸை எடுப்போம். அதே கையால் அதே வேகத்தில் இதிலும் போட்டேன். நீங்கள் பேனா மூடியைத் திருகிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தீர்கள்.

வீட்டில் தாரணி, அவர்கள் என்னிடம் கொடுத்த நகலைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மாயி, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா? நானா விருப்பப்பட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்னுக்கறேன்னு எழுதியிருக்குது. நீ கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கறே."

பத்தாவதில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று கேட்டில் பேனர் கட்டுகிறார்களே, அது எப்படி வருகிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளை ஒன்பதாவதிலேயே கழித்துவிட்டால் மிச்சம் நூறுதானே.

மறுநாள் கம்பெனிக்குப் போய், பெர்மிஷன் சொல்லிவிட்டு, கையில் ஒட்டிய ஸ்டிக்கரோடு நேராகப் பள்ளிக்கூடம் வந்தேன். வராந்தாவில் உங்களைப் பிடித்தேன்.

"ஏனுங்க டீச்சர், பக்கத்துல உக்காந்துட்டு ஒரு வார்த்தை சொல்லலீங்களே?"

"தெரிஞ்சுதான் போடுதீங்கன்னு நெனச்சேம்மா."

"நெனச்சீங்களா, நெனச்சுக்கிட்டீங்களா?"

உங்களுக்கு முகம் சிவந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் அறையைப் பார்த்து நடந்தீர்கள். நானும் பின்னால் வந்தேன். அவர் தாரணியின் கணக்குப் பேப்பரை எடுத்துப் போட்டார்.

"பாருங்கம்மா. நூத்துக்கு ஒம்பது. இந்தப் பொண்ணு எப்படிப் பத்தாவது எழுதும்?"

பக்கத்துக்குப் பக்கம் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு. வேறு ஒன்றும் இல்லை.

"இதுல எங்கீங்க தப்பு?" என்றேன்.

"எல்லாமே தப்புதாம்மா."

"எங்க கம்பெனியில இப்படிக் கோடு போட்டுக் குடுத்தா என்னையத்தான் வேலையை விட்டு நிறுத்துவாங்க. தப்பு எந்த எடத்துலன்னு காட்டோணுங்க. காட்டுனாத்தான் ஆல்டர் பண்ண முடியும்." கையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை உரித்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நீங்கள் வாங்கினீர்கள்.

முதல் கணக்கை விரலால் தொட்டுத் தொட்டு இறங்கி, மூன்றாவது வரியில் ஒட்டினீர்கள். இன்னொன்று கேட்டீர்கள். அடுத்த கணக்கிலும் ஒட்டினீர்கள். ஏழெட்டு ஆனதும் தலை நிமிர்ந்தீர்கள்.

"எல்லாத்துலயும் ஒரே தப்பு சார். அடைப்புக்குறிக்கு முன்னால கழித்தல் வந்தா, உள்ள இருக்கறதெல்லாம் குறி மாறணும்லா? இவ முதல் எண்ணுக்கு மட்டும் மாத்துதா. அடுத்ததை அப்படியே விட்டுருதா. அதுக்கப்புறம் போட்டதெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கா."

"எல்லாப் பீஸ்லயும் ஒரே எடத்துல ஓட்டை வந்தா துணி மேல தப்பில்லீங்க" என்றேன். "ஊசி மொனை போயிருக்குது. ஊசியை மாத்தோணும். துணியைத் தூக்கி வீசக்கூடாது."

ஹெட்மாஸ்டர், இது பனியன் கம்பெனி இல்லை என்றார். நீங்கள் நான் கையெழுத்துப் போட்ட பேப்பரை மேஜையிலிருந்து எடுத்து இரண்டாகக் கிழித்தீர்கள். "இவ என் பொறுப்பு சார். தேறலைன்னா என் பேருல எழுதிக்கிடுங்க" என்றீர்கள். அதையும் நான் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு வருஷம் முழுக்கப் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் அவளை உட்கார வைத்தீர்கள். சிவப்புக் கோடு நின்றது, பென்சிலில் அம்புக்குறி வந்தது. கூட்டிப்போக வரும்போது இரண்டு வார்த்தை பேசுவோம். உங்கள் பாஷை பாதிதான் புரிகிறது என்று ஒருநாள் சொன்னேன். "உங்க பேச்சுல 'ங்க'வைக் கழிச்சுட்டா மீதி ஒண்ணுமே இருக்காதும்மா" என்றீர்கள். பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன்.

பத்தாவதில் தாரணிக்குக் கணக்கில் ஐம்பத்தெட்டு. இப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். அந்தப் பத்தாவது ரிசல்ட் வந்த மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். "அன்னைக்கே நான் வாயத் தொறந்திருக்கணும்மா. வேலைக்குப் புதுசு. பயந்துட்டேன்" என்றீர்கள். வேறொருத்தியாக இருந்தால் பரவாயில்லை என்று சொல்லியிருப்பாள். "ஆமாங்க, தொறந்திருக்கோணும்" என்றேன். தலையாட்டிக்கொண்டு போனீர்கள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று உண்டு. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு நான் வெளியே வந்தபோது, வராந்தாவில் இன்னும் நான்கு அம்மாமார்கள் காத்திருந்தார்கள். எல்லாரும் பனியன் கம்பெனிக்காரிகள்தான். "என்னங்கக்கா கேக்கறாங்க?" என்று ஒருத்தி பயந்துபோய்க் கேட்டாள். "அட, ஒண்ணுமில்லீங்க. நம்ம ஆடிட் பேப்பராட்டத்தான். போட்டுட்டு வெரசா வாங்க, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்றேன். நான்கு பேரும் போட்டார்கள்.

என் பேப்பரைக் கிழித்த பிறகு, நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நான்கு வீட்டுக்கும் அலைந்தீர்கள். மூன்று பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவந்துவிட்டீர்கள். நான்காவது பிள்ளை முத்துச்செல்வியின் வீடு மட்டும் அதற்குள் பெருமாநல்லூருக்கு மாறி, அவளையும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது என்னிடம் கேட்டீர்கள். "வெளிய யாரோ ஆடிட் பேப்பர்னு சொன்னாங்களாம்மா. யாருன்னு தெரியுமா?"

"தெரியலீங்க டீச்சர்" என்றேன்.

நீங்கள் பேசாமல் இருந்ததை இத்தனை வருஷம் சொல்லிக் காட்டினேன். நான் பேசியதை ஒருநாளும் சொல்லவில்லை. உங்கள் மேல் இருக்கிற கோபம் போகாது டீச்சர், என் உடம்பு வாகு அப்படி. ஆனால் இப்போது அது தனியாக இல்லை.

முத்துச்செல்வி போன ஆவணியில் எங்கள் கம்பெனிக்கு வந்துவிட்டாள். பிளாட்லாக் தையல் மெஷினில் டெய்லர். அவள் தைத்தது என் டேபிளுக்குத்தான் வரும். நல்ல கை, தையல் ஒரு நூல் பிசகாது. உங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை, என்னை ஆச்சி என்றுதான் கூப்பிடுவாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. டீ நேரத்தில் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, தினமும் ஒரே கேள்வி கேட்பாள்.

"ஆச்சி, எம்பீசு பாஸா?"

"பாஸ் கண்ணு" என்கிறேன். அதற்கு மேல் இன்னும் வாய் வரவில்லை.