டிலக்சன்ரை நெத்தித் திருநீறு

ஹேர்னிங், டென்மார்க்
கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சாருஜாவுக்கு,

இஞ்சை நானும் சித்தப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறம். உங்கை ஓக்லண்டிலை நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, ஆசுப்பத்திரி வேலையெண்டு ஓடி ஓடிக் காலை உளைய விடாமல் இருக்கவேணும் எண்டு முருகனிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் இந்தப் பேனையை எடுத்தனான். இஞ்சை நாலு மணிக்கே இருட்டிப்போகுது, காத்து முகத்தைக் கிழிக்குது, உனக்கு அங்கை வெயில் எண்டு நினைக்கப் பொறாமையாய்க் கிடக்கு. போனிலை கதைக்கிறதை விட்டிட்டு இவ ஏன் எழுதுறா எண்டு யோசிப்பாய். போன கிழமை நீ கேட்ட கேள்விக்குச் சோறு அடிப்பிடிக்குது எண்டு சொல்லிப் போனை வைச்சனான், உண்மையிலை அண்டைக்கு அடுப்பிலை ஒண்டும் கிடக்கேல்லை. ஊர் என்ன சொல்லுது எண்டு எனக்கு வேண்டாம், நீங்கள் என்ன சொல்லுறியள் சின்னம்மா, நான் டிலக்சனைக் கட்டுறதோ விடுறதோ எண்டு கேட்டனி. உன்னைப் பெத்த என்ரை அக்கா இருந்திருந்தா அவவிட்டைக் கேட்டிருப்பாய், அவ இல்லாத இடத்திலை நிண்டு நான் வாய்க்கு வந்ததைச் சொல்லக்கூடாது, அதுதான் ஆறுதலாய் யோசிச்சு எழுதுறன். எங்கடை தெருமுனைச் சிவப்புத் தபால்பெட்டியைக் கழட்டிக்கொண்டு போட்டாங்கள், அதாலை சித்தப்பா ஒவ்வொரு பக்கமாய்ப் படம் பிடிச்சு அனுப்புவார். எழுத்து விளங்காட்டி அவரைப் பேசு, என்னைப் பேசாதை.

நீ பாத்தது அந்த ரெண்டு படமும், பேப்பரிலை வந்ததும் தானே, நான் நடந்ததை முதலிலை இருந்து சொல்லுறன். டிலக்சன் கொம்யூன் எண்ட நகரசபைத் தேர்தலிலை நிக்கிறான் எண்டு தெரிஞ்ச உடனை எங்கடை சனத்துக்கு ஒரே புளுகம், நிலத்திலை கால் நிக்கேல்லை. சைவம், கிறிஸ்தவம் எண்டு ஒருத்தரும் பாக்கேல்லை, எங்கடை பொடியன் ஒருத்தன் கதிரையிலை இருக்கப்போறான் எண்டதுதான் கதை. கோயில் தலைவர் சிவபாலன் அண்ணை தேர்த் திருவிழாவுக்கு அவனைச் சிறப்பு விருந்தாளியாய்க் கூப்பிட்டவர். பக்தியிலை இல்லைப் பிள்ளை, கோயிலுக்குப் பக்கத்திலை கிடக்கிற கொம்யூன் காணியிலை கார் விட இடம் கேக்கத்தான். இவனும் வோட்டுக் கேக்கத்தான் வந்தவன். டிலக்சன் ஆக்கள் போற கிறிஸ்தவச் சபை பழைய சோபாக்கடை இருந்த கட்டிடத்திலை நடக்கிறது உனக்குத் தெரியும்தானே, கோயில் பக்கம் தலைவைச்சும் படுக்கக்கூடாது எண்டு படிப்பிக்கிற சபை, அது கூப்பிட்டவைக்கும் தெரியும், வந்தவனுக்கும் தெரியும். ஆனால் விருந்தாளி எண்டா எங்கடை வழக்கம் என்ன, ஐயர் மாலை போட்டு, நெத்தியிலை திருநீறு பூசி, சந்தனம் வைப்பார். ஐயர் கையை நீட்ட, இவன் நட்ட கட்டை மாதிரி நிண்டான். நெத்தி நிறையத் திருநீறு. கோயில் பொடியள் அதைப் படம் எடுத்துப் போட்டிட்டாங்கள். பிறகு காருக்குப் பின்னாலை ஒதுங்கி நிண்டு ஈரப் பேப்பராலை நெத்தியைத் துடைச்சிருக்கிறான், அதையும் ஆரோ எடுத்துப் போட்டிட்டாங்கள். முதல் படத்தைப் பாத்துச் சபையிலை கொதிச்சினம், ரெண்டாவதைப் பாத்துக் கோயிலிலை கொதிச்சினம். அவன்ரை தாய் மரியம்மா அடுத்தநாள் வேலையிலை, வயசாக்களின்ரை படுக்கைவிரிப்பை ஒரு தலைப்பு அவவும் மற்றத் தலைப்பு நானுமாய்ப் பிடிச்சு மடிச்சுக்கொண்டு நிக்கேக்கை, என்ட மகன் மத்தளமாப் போனான் தவமலர், ரெண்டு பக்கமும் அடிக்காங்க எண்டு சொல்லிப்போட்டு அந்த விரிப்பாலையே கண்ணைத் துடைச்சா. நான் அதைத் திரும்பத் தோய்க்கப் போட்டனான்.

இதோடை ஆறியிருக்கும், ஆனால் ஆரோ ஒரு தமிழ்ப் பிள்ளை, பாஸ்டர் சபையிலை பிரசங்கம் பண்ணின வீடியோவை டெனிஸ் பாசையிலை எழுதிப் பேப்பர்காரருக்குக் குடுத்திட்டுது. பாஸ்டர் அதிலை சொன்னது ரெண்டு விசயம். மனுசி எண்டவள் மனுசன்ரை சொல்லுக்கு அடங்கி நடக்கவேணும் எண்டது ஒண்டு. கோயிலுக்குப் போற வீட்டிலை பெண் எடுக்கிறவன் பேயை விருந்துக்குக் கூப்பிடுறான் எண்டது மற்றது. டெனிஸ்காரர் முதலாவதைப் பிடிச்சினம், எங்கடை சனம் ரெண்டாவதைப் பிடிச்சினம். வேலையிலை நிக்கிற பீர்த்தா, தங்களுக்குச் சேர்ச் எண்டா நத்தார்ப் பெருநாளுக்கும் செத்தவீட்டுக்கும் போற இடம், உங்கடை பொடியன் ஏன் அதைக் கொம்யூனுக்குள்ள கொண்டு வாறான் எண்டு கேட்டா. அவன் கொண்டு வரேல்லை, பேப்பர்தான் கொண்டு வந்தது எண்டு சொல்லி வாயை அடைச்சன். வெளியிலை அப்பிடிச் சொன்னாலும் உள்ளுக்கை எனக்கும் கொதிதான். பேய் எண்டு அந்த மனுசன் சொன்னது ஆரை? நான் தலை இழுத்து, பின்னல் பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பின பிள்ளையை. அந்தக் கொதியிலை நான் இருக்கேக்கை சிவபாலன் அண்ணை வீட்டை வந்தார். தங்கச்சி, கோயில் மடப்பள்ளியிலை இத்தினை வருசம் அகப்பை பிடிச்சவள் நீ, உன்ரை வீட்டுக்கு மருமோனாய் வரப்போறவன் இப்பிடிச் செய்து போட்டான், சம்பந்தம் முறிஞ்சுது எண்டு நீயே கோயிலிலை ஒரு சொல்லுச் சொல்லிவிடு, சனம் ஆறும் எண்டார். நான் வாய் திறக்க முதல் சித்தப்பா, ஏன் அண்ணை, கார் விட இடம் கிடைச்சிருந்தா சம்பந்தம் நிண்டிருக்குமோ எண்டு கேட்டார். அண்ணை தேத்தண்ணியைப் பாதியிலை வைச்சிட்டு எழும்பிப் போட்டார். உன்ரை சித்தப்பா வருசத்துக்கு ஒருக்கால்தான் வாய் திறப்பார், திறந்தா இப்பிடித்தான்.

பிறகு லைப்ரரியிலை தேர்தல் கூட்டம் வைச்சினம். மரியம்மா தனியப் போகப் பயந்தா, நான் கூடப் போய்க் கடைசி வரிசையிலை இருந்தன். நரைச்ச தலையோடை ஒரு டெனிஸ் மனுசி எழும்பி, உங்கடை பாஸ்டர் படிப்பிக்கிறதை நீங்கள் ஏற்கிறீங்களோ, ஓமோ இல்லையோ எண்டு கேட்டா. மரியாதையாய்த்தான் கேட்டா. இவன், விசுவாசம் தன்ரை சொந்த விசயம், தான் சைக்கிள் பாதைக்கும் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கும் தான் நிக்கிறன் எண்டான். இன்னொருத்தர் கேட்டார், அதே பதில். பிறகும் ஒருத்தி கேட்டாள், திரும்பவும் சைக்கிள் பாதை. நல்ல கோட்டு, நல்ல சிரிப்பு, நீ படிக்கேக்கை ஓகூஸ் நகரத்திலை இருந்து கூட்டிக்கொண்டு வந்து காட்டின அதே முகம்தான், ஆனால் அண்டைக்கு எனக்கு அந்த முகத்திலை ஒரு பிடி கிடைக்கேல்லை. மரியம்மா என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தா.

கந்தசஷ்டியிலை, சூரன்போருக்கு முதல்நாள், டிலக்சன் தனிய வீட்டை வந்தான். கையிலை நோட்டீசும் இல்லை, சட்டையிலை கட்சிச் சின்னமும் இல்லை. நான் விரதம். சாமிக்குப் படைச்ச அவலும் வாழைப்பழமும் தான் வீட்டிலை இருந்தது, அதைத் தட்டிலை போட்டு அவனுக்கு முன்னாலை வைச்சன். சோதிக்கிறதுக்கு இல்லைப் பிள்ளை, வந்தவனுக்கு இருக்கிறதைக் குடுக்கிறது தானே. அவன் தட்டைப் பாத்தான், என்னைப் பாத்தான், ஆன்ரி இது படைச்சதோ எண்டு கேட்டான். ஓம் எண்டன். அப்ப எனக்கு வேண்டாம் ஆன்ரி, கோவிக்காதேங்கோ, தேத்தண்ணி மட்டும் தாங்கோ எண்டான். எனக்குச் சுருக்கெண்டு குத்திச்சுது, பொய் சொல்லக்கூடாது. தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள்ள போய்த் தேத்தண்ணி ஊத்தேக்கைதான் யோசிச்சன், இதைத்தானே இவன் கோயிலிலையும் செய்திருக்கவேணும்? ரெண்டு கையையும் கூப்பி, ஐயா எனக்கு வேண்டாம் எண்டிருந்தா எங்கடை ஐயர் கையை மடக்கியிருப்பார், கோயில் பாக்க வாற டெனிஸ்காரர் எத்தினை பேர் அப்பிடி வேண்டாம் எண்டவை. கும்பிடாதவன் ஒருத்தன் கும்பிடேல்லை எண்டு முருகனுக்கு என்ன குறை வரப்போகுது. அவனைக் குசினிக்குள்ள கூப்பிட்டு இருத்தி, தம்பி, திருநீறு பூச விட்டு நிண்டதும் பிழை, ஒளிச்சு நிண்டு துடைச்சதும் பிழை எண்டு நேரை சொன்னன். அவன் கோப்பையைப் பாத்துக்கொண்டு, ஓம் ஆன்ரி, வோட்டுக்குப் பயந்து நிண்டனான், சபைக்குப் பயந்து துடைச்சனான் எண்டான்.

பிறகுதான் நான் உன்ரை கதையை எடுத்தன். தம்பி, கொம்யூனிலை நீ என்னவும் செய், என்ரை பிள்ளை உன்னைக் கட்டினா அவளின்ரை பொட்டை எடு எண்டுவியோ, கோயிலுக்குப் போகாதை எண்டுவியோ, ஞானஸ்நானம் எடுத்தால்தான் கட்டுவன் எண்டுவியோ எண்டு கேட்டன். பாதி தமிழிலை பாதி டெனிசிலை தட்டித் தடவித்தான் சொன்னான், ஆனால் தெளிவாய்ச் சொன்னான். துடைக்கிறதுக்கு எனக்கு என்ரை நெத்தி மட்டும்தான் ஆன்ரி, சாருவின்ரை நெத்தியிலை கை வைக்க எனக்கு உரிமை இல்லை எண்டான். இதைப் பாஸ்டருக்கும் சொல்லிப்போட்டானாம். அப்பிடியெண்டா உன்ரை கலியாணம் இந்தச் சபையிலை நடக்காது, இனிமேல் மேடையிலை கீபோட்டும் வாசிக்க வேண்டாம் எண்டு பாஸ்டர் சொல்லிப்போட்டாராம். கால் நிலத்திலை முட்டாத வயசிலை இருந்து அந்தச் சபையிலை கீபோட் வாசிச்ச பிள்ளை அவன். இதை உனக்குச் சொன்னவனோ? சொல்லியிருக்கமாட்டான், சொன்னா சாருவை நெருக்கிற மாதிரிப் போயிடும் எண்டான். எனக்கு ஒரு பக்கம் வயிறு குளிர்ந்தது, மற்றப் பக்கம் எரிச்சல் வந்தது. அட விசரா, லைப்ரரியிலை அந்த மனுசி இதைத்தானே கேட்டவ, அங்கை ஏன் வாயைத் திறக்கேல்லை எண்டன். சபைச் சனத்தின்ரை வோட்டுப் போயிடும் ஆன்ரி எண்டான்.

தேர்தலிலை அவன் வெல்லேல்லை, அது உனக்குத் தெரியும். சபைச் சனமும் போடேல்லை, கோயில் சனமும் போடேல்லை எண்டுதான் கதைக்கினம், முருகனுக்குத்தான் வெளிச்சம். நானும் போனனான் வோட்டுப் போட. திரைக்குப் பின்னாலை அந்தப் பென்சிலோடை நிண்டு, அவ்வளவு டெனிஸ் பேருக்கு நடுவிலை அவன்ரை பேரைக் கண்ட உடனை எனக்குக் கண் கலங்கிப்போச்சு. ஆனால் அந்தப் பேருக்கு நேரை புள்ளடி போடேல்லை சாரு. மரியம்மாவின்ரை முகத்துக்காக எண்டாலும் போட்டிருக்கலாம், கை வரேல்லை. அடுத்தநாள் கத்தரிக்காய்க் குழம்பு வைச்சுக்கொண்டு அவையின்ரை வீட்டை போனன், இது படைக்காதது தம்பி எண்டு சொல்லியே குடுத்தன். குடுத்திட்டு, நான் உனக்கு வோட்டுப் போடேல்லை எண்டும் சொன்னன். மரியம்மா வாயிலை கை வைச்சா. நான் சொன்னன், மேடையிலை கேட்டதுக்கு மேடையிலை பதில் சொல்லாதவனுக்கு மேடைக்கு என்ரை வோட்டு இல்லை, குசினியிலை கேட்டதுக்குக் குசினியிலை நேரை சொன்னனி, அதாலை என்ரை குசினிக்குள்ள நீ எப்பவும் வரலாம் எண்டு. அவன், நியாயம்தான் ஆன்ரி எண்டு சிரிச்சான். அண்டைக்குத்தான் அந்த முகத்திலை எனக்குப் பிடி கிடைச்சுது.

இப்ப உன்ரை கேள்விக்கு வாறன். என்னைக் கேட்டா, கட்டு பிள்ளை. அவன்ரை சபை சொல்லுறது எனக்குப் பிடிக்கேல்லை, இனியும் பிடிக்காது, அவன் அதை விட்டிட்டு வரவேணும் எண்டும் நான் கேக்கமாட்டன், அது அவன்ரை நெத்தி. உன்ரை நெத்தியை அவன் தொடமாட்டான் எண்டதுக்கு அவன் ஒண்டைக் குடுத்திட்டு வந்து நிக்கிறான், அது எனக்குக் காணும். நீ ஓம் எண்டு ஒரு சொல்லு அனுப்பு, அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலிலை சம்பந்தம் நிக்குது எண்டு நானே சொல்லுறன். அதுக்காகச் சிவபாலன் அண்ணை மடப்பள்ளியிலை இருந்து என்னை விலத்தினா விலத்தட்டும், அவன் கீபோட்டை விட்டான், நான் அகப்பையை விடுறன், முருகன் என்ன பட்டினி கிடக்கப்போறாரே. ஆனால் ஒரு கேள்வியை நான் அவனிட்டைக் கேக்காமல் விட்டனான், வேணுமெண்டுதான் விட்டனான். பிறக்கப்போற பிள்ளையள் எந்தப் பக்கம் எண்டது. அது என்ரை கேள்வி இல்லை, உன்ரை கேள்வி. அவன் நத்தாருக்கு அங்கை வரேக்கை, கடற்கரையிலை நடந்து திரியிற நேரம் ஆறுதலாய்க் கேள். ஓமோ இல்லையோ எண்டு கேள், நீயும் உன்ரை மனதிலை இருக்கிறதை ஒளிக்காமல் சொல்லு. நேரை பதில் சொன்னா, அது உனக்குப் பிடிக்காத பதில் எண்டாலும் இருந்து கதைச்சுத் தீர்க்கலாம். சைக்கிள் பாதையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினா ஆளை அடுத்த பிளேனிலை ஏத்திவிடு, மிச்சத்தை நான் மரியம்மாவோடை பாக்கிறன்.

சித்தப்பாவிட்டை நீங்கள் ஆருக்குப் போட்டனியள் எண்டு கேட்டா, வோட்டு இரகசியம் எண்டுறார். கலியாணத்துக்கு எண்டா பகிரங்கமாய்ப் போடுறாராம், உனக்குச் சொல்லச் சொன்னவர். இரும்புச்சத்துக் குளிசையை ஒழுங்காய்ப் போடு, சாப்பிட்ட உடனை தேத்தண்ணி குடியாதை. முருகன் உன்னை ஒரு தீங்கும் அண்டாமல் காக்கட்டும், மரியம்மாவும் தன்ரை கர்த்தரிட்டை உனக்காகச் செபம் பண்ணுறாவாம், ரெண்டு பக்கத்தாலையும் வாறதை வேண்டாம் எண்டாமல் வாங்கி வைச்சுக்கொள். நீயும் அவனும் நிறைஞ்ச ஆயுளோடை, ஒருத்தருக்கொருத்தர் ஒளிப்பு மறைப்பு இல்லாமல் வாழவேணும்.

உன்ரை ஓம் எண்ட சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருக்கிற,
சின்னம்மா தவமலர்