நெர்மின் நகரிக்கு வந்த கதை

அன்புள்ள துர்காவுக்கு, நகரியிலிருந்து நைனா எழுதறது. நானும் உங்கம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம், நீயும் பம்பாயில வேளைக்குத் துன்னுக்கினு, நேரத்துக்குத் தூங்கிக்கினு சுகமா இருக்கணும்னு நெனச்சுக்கினேதான் பேனாவை எடுத்தேன். போன்ல பேசினா எனக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல வராது, அப்புறம் உங்கம்மா பிடுங்கிக்குவா. இது போன்ல சொல்லி முடிக்கிற விஷயமும் இல்ல. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்ல, சித்தூர் டாக்டர் குடுத்த மாத்திரை கேக்குது. தறி ஓடிக்கினு இருக்குது, கரண்ட்டுதான் மத்தியானத்துல போய்ப் போய் வருது.

விஷயம் நம்ம பக்கத்து வீட்டு கமலம்மா அத்தை மருமக ரோஜாவைப் பத்தினது. அத்தை மகன் புத்தூர் ரோட்டுல லாரி மோதிப் போனதுலேர்ந்து மாமியாரும் மருமகளுமா அந்த வீட்டுல இருக்கிறது உனக்குத் தெரியும். நடுவுல நம்ம தறி ஷெட்டுல வேலை பாத்த ஹரிபாபு, ரோஜாவைக் கட்டிக்கிறேன்னு நேரா அத்தைகிட்டயே வந்து கேட்டான். அத்தை தெருவுல நின்னு பேசின பேச்சுல அவன் மறுநாளே ஊரை விட்டுத் திருப்பதிக்குப் போயிட்டான். ரோஜா அன்னிக்கி வாயே திறக்கல. அதுக்கப்புறமும் திறக்கல. தறிக்கு வரும், போகும், அவ்ளோதான். நாங்களும் அது விதின்னு விட்டுட்டோம்.

இப்போ உன் துருக்கி சீரியலுக்கு வரேன். உன் வேலை இன்னான்னு யாராவது கேட்டா எனக்குச் சரியா சொல்லத் தெரியாது. சித்தூர்ல காலேஜ் முடிச்சு கேபிள் டிவியில கீழ ஓடற செய்தி எழுதினே, ஹைதராபாத் போயி தெலுங்குப் படத்துக்குத் தமிழ்ப் பேச்சு எழுதினே, அது வரைக்கும் எனக்குப் புரிஞ்சுது. இப்போ கொரியா, துருக்கின்னு பறந்து போயி, அவங்க எடுத்த கதைங்களை உக்காந்து பாத்துப் பொறுக்கி, விலை பேசி வாங்கினு வந்து, வாய் அசையறதுக்கு ஒத்து வர்றாப்ல தமிழும் தெலுங்கும் பேச வெக்கிறேன்னு சொன்னப்போ, மளிகைக் கடைக்குச் சரக்கு எடுக்கிற மாதிரின்னு நெனச்சுக்கினேன். அவ்ளோதான் என் புத்தி.

அந்த சீரியல் வந்ததுலேர்ந்து சாயங்காலம் ஏழரை ஆனா நம்ம தெருவே வீட்டுக்குள்ள போயிடும். கதாநாயகி பேரு நெர்மின், அது யாருக்கும் வாயில நுழையல, நெருமினி ஆக்கிட்டாங்க. புருஷன் போன பொண்ணு, பனி கொட்டற ஊரு, ரொட்டிக் கடைக்காரன் ஒருத்தன், கெடுபிடியான மாமியா. கமலம்மா அத்தை மொதல்ல நெருமினியைத் திட்டித் தீர்த்துச்சு. ரொட்டிக் கடைக்காரன் சிரிச்சா டிவியைப் பாத்தே கை நீட்டி ஏசும். ரோஜா பின்னால சுவத்துல சாஞ்சு உக்காந்து பாக்கும். அந்த நேரத்துலதான் நீ ஒரு நாள் போன் பண்ணி, ஆபீஸ்ல பெரியவங்க கதையை மாத்தச் சொல்றாங்க நைனா, நம்ம ஜனங்க ஒத்துக்க மாட்டாங்களாம், நெர்மினும் ரொட்டிக் கடைக்காரனும் கட்டிக்கிற கல்யாணத்தை வெட்டிட்டு, அவ அவனை அண்ணன்னு கூப்பிட்றாப்ல பேச்சை மாத்தி எழுதணுமாம், நான் முடியாதுன்னுட்டேன், வேலை இருக்குமோ போகுமோ தெரியலன்னு சொன்னே. ஏம்மா யாரோ எங்கேயோ எடுத்த கதைக்காக உன் சோத்தைப் பணயம் வெக்கிறேன்னு கேட்டேன். அதுக்கு நீ, அந்தப் பொண்ணு பேசினதை நான் திருடக் கூடாது நைனான்னே. எனக்கு அன்னிக்கி அது புரியல. நீ ஜெயிச்சே, கதை முழுசா வந்துச்சு, அத்தோட முடிஞ்சுதுன்னு இருந்தேன்.

சீரியல்ல மாமியாரே மனசு மாறி, ரொட்டிக் கடைக்காரனோட போகச் சொல்லி நெருமினியோட பெட்டியைக் கட்டி வாசல்ல வெக்கிற நாள் வந்துச்சு. அன்னிக்கி அத்தை வீட்டுல கரண்ட் இல்ல, அத்தையும் ரோஜாவும் நம்ம வீட்டுலதான் பாத்தாங்க. அந்தத் துருக்கி மாமியா வாயில, நீ போய்க்கினே இரு, திரும்பிப் பாக்காதேன்னு நம்ம ஊருப் பேச்சு வந்துச்சு பாரு, அதுவரைக்கும் அந்தம்மா புஸ்தகத் தமிழ்தான் பேசிக்கினு இருந்துது. அதை எழுதினது நீதான்னு உங்கம்மா என்னைத் தொட்டுச் சொன்னா. கமலம்மா அத்தை எழுந்து, சொல்லிக்காமக்கூட வெளிய போயிடுச்சு. மறுநாள் வெளியவே வரல. ரோஜாவைக் கேட்டா, துன்னவே இல்லன்னுச்சு. அதுக்கடுத்த நாள் காலையில நான் தறியில நூலை ஓட்டற நாடாவை மாத்திக்கினு இருக்கேன், அத்தை வந்து ஷெட்டு வாசல்ல நின்னுச்சு. ஏம்பா பாலு, அந்த ஹரிபாபு இன்னும் திருப்பதியிலதான் கீறானான்னுச்சு. நான் கையில இருந்த ஸ்பேனரைக் கீழ வெச்சேன். கல்யாணம் கில்யாணம் ஆயிடுச்சான்னுச்சு. இல்ல அக்கான்னேன். அப்போ என்னை அவன்கிட்ட கூட்டினு போன்னுச்சு.

மொதல்ல ரோஜாவைக் கேக்கணும்னு உங்கம்மா புத்தியாச் சொன்னா. அத்தை கேட்டுச்சு. ரோஜா ரொம்ப நேரம் அழுதுட்டு, நான் போனா உனக்கு யாருன்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சாம், வேணாம்னு சொல்லல. நானும் உங்கம்மாவும் அத்தையும் பஸ் ஏறினோம். திருப்பதியில ரேணிகுண்டா ரோட்டுல பங்க்சர் கடை வெச்சிருக்கான் ஹரிபாபு. அத்தையைப் பாத்ததும் மறுபடி திட்டத்தான் வந்திருக்குன்னு பயந்து, கையைத் துணியில துடைச்சிக்கினு எழுந்து நின்னான். அத்தை தெலுங்குலயே, ரோஜாவைக் கட்டிக்கிறியாப்பான்னு கேட்டுச்சு. அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு அத்தையை உக்கார வெச்சுட்டு, டீ வாங்கியாறேன்னு ஓடினான். டீயோட வந்தவன் கண்ணு செவந்திருந்துது. நீங்களும் எங்களோடவே வந்துடணும், அப்படின்னா சரின்னான். அத்தை சிரிச்சு, எனக்கு வீடு கீது, பண்டிகைக்கு வந்து கூட்டினு போன்னுச்சு.

போன வெள்ளிக்கிழமை திருச்சானூர்ல கல்யாணம் முடிஞ்சுது. தாயார் சன்னதியில ரோஜாவை நான் பாத்துக்கினே இருந்தேன் துர்கா, அது அப்படிச் சிரிக்கும்னு எங்க யாருக்கும் தெரியாது. திரும்பி வர்றப்போ பஸ்ல அத்தை புத்தூர் தாண்டற வரைக்கும் ரோட்டையே பாத்துக்கினு வந்துச்சு. அப்புறம் என்னைப் பாத்து, துர்காவுக்கு அந்த ஊரு பாஷை தெரியுமான்னு கேட்டுச்சு. தெரியாதுக்கா, கீழ இங்கிலீஷ்ல எழுத்து வரும், அதைப் படிச்சுத்தான் பாக்கும்னேன். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கினு, பாஷை தெரியாம எங்கியோ போயி, எங்க வீட்டுக்குன்னு பாத்து எடுத்தாந்திருக்குதேன்னுச்சு. கடல் தாண்டி எங்கேயோ யாரோ எழுதின கதை, உன் கையில பட்டு, நகரியில ஒரு வீட்டுக் கதவைத் திறந்திருக்கு. நான் பெத்த பொண்ணா இதைச் செஞ்சதுன்னு அதுலேர்ந்து நெனச்சு நெனச்சு மலைச்சுப் போய்க் கிடக்கிறேன்.

கண்ணுக்கு மருந்து விட மறக்காதே, டிவி முன்னாலயே உக்காந்து சோறு துன்னாதே, தூர தேசம் போனா போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லு. அந்த வெங்கடேசப் பெருமாளும் அலமேலுமங்கைத் தாயாரும் நீ கால் வெக்கிற ஊர்லல்லாம் உனக்குத் துணையா வருவாங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. கமலம்மா அத்தை இப்போ அந்த வீட்டுல தனியாத்தான் இருக்குது. நீ லீவுக்கு வர்றப்போ பையோட நேரா அங்க போ, ஒரு வேளை அது கையால துன்னு, அப்புறம் நம்ம வீட்டுக்கு வந்தா போதும், நாங்க கோவிச்சிக்க மாட்டோம்.

உன்னைப் பெத்ததுக்குப் பெருமைப்படற நைனா,
பாலசுந்தரம்